நாடிழந்தும் நேயரை இழக்காத குரல்

கியூபாவின் ஹவானா வானொலியில் 1942 ஆம் ஆண்டு 'லா ட்ரெமெண்டா கோர்ட்டே' என்னும் நீதிமன்ற நகைச்சுவைத் தொடர் ஆரம்பமானது. காஸ்டர் விஸ்போ எழுதிய அத்தொடரில் 'ட்ரெஸ் பட்டினெஸ்' என்ற எத்தனாக நடித்துப் பெரும்புகழ் பெற்றவர் லியோபோல்டோ பெர்னாண்டஸ். அந்த எத்தன் அயலவரை ஏமாற்றுவான். மன்றில் சொற்களைத் திரித்து வாதாடுவான். ஈற்றில் தண்டனை பெறுவான். நீதிபதியாகக் குரல் கொடுத்தவர் அனிபால் டி மார். தீர்ப்பு முன்னரே தெரிந்திருந்தும் நேயர்கள் சலிப்படையவில்லை. எளியவனின் வாய்ச்சாதுரியம் அதிகாரத்தின் முன் கணநேரமேனும் தலைநிமிர்ந்து நின்றதே அதற்குக் காரணம் என்று நாம் கருதுகின்றோம்.

1959 புரட்சியின் பின்னர் நிலைமை மாறியது. 1961 இல் கியூப வானொலியில் தொடர் நின்றது. நாட்டைவிட்டு வெளியேறிய பெர்னாண்டஸ் 1985 இல் மியாமியில் காலமானார். எனினும், பழைய ஒலிப்பதிவுகள் லத்தீன் அமெரிக்க வானொலிகளில் பல தசாப்தங்களாக ஒலித்து வந்துள்ளன. கலைஞன் நாட்டை இழக்கலாம், நேயரை இழப்பதில்லை.