சிறு குழந்தைகளுடன் நான்கு நாள் ஓய்வு: விடுதியையும் சரக்குப் பார்ப்பது போல் பாருங்கள்

மளிகைக் கடைக்காரருக்கு விடுமுறை நாள் எது என்று கேட்டால், மே 5 வணிகர் தினம் என்று சொல்லிச் சிரிப்போம். அன்றும் மாநாட்டுக்குப் புறப்பட்டு விடுவதால் வீட்டில் உள்ளவர்களுக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. கடையில் வேலை பார்ப்பவருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. முதலாளி தனக்கே விடுமுறை கொடுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் வற்புறுத்துவதில்லை. ஆகவே நாமும் எடுத்துக்கொள்வதில்லை.

எனக்கும் அப்படித்தான் ஒன்பது ஆண்டுகள் ஓடின. காலை ஐந்தரை மணிக்குப் பால் இறக்கப் போகும்போது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இரவு பத்தரைக்குக் கல்லாக் கணக்கு முடித்து வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் கடையடைப்பின் காரணமாகப் பகலில் வீட்டில் இருக்க நேர்ந்தது. ஒன்றரை வயது மகனைத் தூக்கினேன். அவன் என் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுது, அவன் அம்மாவிடம் தாவினான். பகல் வெளிச்சத்தில் என் முகம் அவனுக்குப் பழக்கமில்லை. அன்றுதான் குடும்பத்துடன் நான்கு நாள் எங்காவது போய் வருவது என்று முடிவு செய்தேன்.

முதல் பயணத்தில் செய்த தவறு

முடிவு சரி, செய்த விதம் தவறு. மே மாதம், ஒரு மலை வாசஸ்தலத்தில், வண்ணப் படங்களை மட்டும் பார்த்து ஓர் உல்லாச விடுதிக்கு முழுப் பணத்தையும் கட்டினேன். வயிறு நிறையப் பூரியும் பாலும் கொடுத்து மலை ஏறியதில், பாதி வளைவுகளைத் தாண்டுமுன் இரண்டு பிள்ளைகளும் வாந்தி எடுத்தார்கள். அறைக்குப் போக அறுபது படி இறங்க வேண்டியிருந்தது. வெந்நீர் காலை இரண்டு மணி நேரம் மட்டும். இரவு ஒன்பதுக்குச் சமையலறையைப் பூட்டிவிட்டார்கள். பத்து மணிக்குக் குழந்தைக்குப் பால் கிடைக்கவில்லை.

இவையெல்லாம் அசௌகரியங்கள், பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் நடந்ததை இன்று நினைத்தாலும் உடல் நடுங்குகிறது. அறைக்கு எதிரே நீச்சல் குளம். வேலி கிடையாது. நான் குளக்கரையில் நாற்காலி போட்டு அமர்ந்து, துவரம் பருப்பு விலை ஏறும் முன் இருபது மூட்டை எடுத்து வைப்பதைப் பற்றிக் கமிஷன் மண்டியுடன் போனில் பேசிக்கொண்டிருந்தேன். என் நான்கு வயது மகள் தண்ணீரில் விழுந்த பந்தை எடுக்கக் குனிந்து, கால் வழுக்கி உள்ளே போய்விட்டாள். ஒரு சத்தம் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரர் குதித்துத் தூக்கினார். அவள் இருமிய சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பினேன். பத்தடி தூரத்தில் இருந்த தகப்பன் நான்.

அதன் பிறகு மூன்று முறை போய் வந்துவிட்டோம். அந்த அனுபவங்களில் கற்றதை நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

எப்போது போவது?

பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போகாதவரை நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மே மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று எல்லோரும் மலை ஏறும் மாதம் அது. வாடகை உச்சத்தில் இருக்கும். கவனிப்பு அடிமட்டத்தில் இருக்கும். வரத்து மிகுந்திருக்கும்போது வாங்குவதுதானே நம் தொழில் புத்தி? விடுதி அறை தாராளமாகக் கிடைக்கும் மாதங்களில்தான் நாம் போக வேண்டும்.

மளிகைக்காரருக்கு ஒன்றாம் தேதியிலிருந்து பத்து வரை சம்பள வியாபாரம். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 படிவம் 11ஆம் தேதி, 3பி படிவம் 20ஆம் தேதி. ஆகவே 21 முதல் 27 வரைதான் நமக்குக் கிடைக்கும் இடைவெளி. பொங்கல் வியாபாரம் முடிந்த பின் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் மிகவும் ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஆடியில் வியாபாரம் மந்தம்தான். ஆனால் நீலகிரி, வால்பாறைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மண் சரிவும் மரம் விழுவதும் சகஜம். கடற்கரையில் புயல் எச்சரிக்கை இருக்கும். கைக்குழந்தைக்காரர்கள் இந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

எங்கே போவது?

ஊரின் பெயரைப் பார்க்காமல் பயண நேரத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து நான்கு, ஐந்து மணி நேரத்துக்குள் உள்ள இடமே சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. அதற்கு மேல் போனால், போன நாளும் வந்த நாளும் அலுப்பிலேயே கழிந்துவிடும்.

ஏற்காடு சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் சுமார் 1,500 மீட்டர். திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரிக்கு 14 வளைவுகள். உயரம் சுமார் 1,100 மீட்டர். அந்த வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருப்பதால் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வரலாம். இரண்டிலும் குளிர் அளவோடுதான் இருக்கும். ஊட்டியும் கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கு மேல். அங்கே கைக்குழந்தைக்குக் கம்பளி, குல்லாய் இல்லாமல் முடியாது.

ஊட்டி, கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகள் செல்ல, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். புறப்படும் முன் அன்றைய நிலையை விசாரித்து, பாஸ் எடுத்த பிறகே விடுதிக்கு முன்பணம் அனுப்புங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் மலை ரயில் பயணம் அருமையானதுதான். ஆனால் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மடிக் குழந்தை இருந்தால் குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் போவது போதும்.

வளைவே வேண்டாம் என்பவர்களுக்கு மாமல்லபுரம் இருக்கிறது. ஆனால் அங்கே கடலில் இறங்குவது ஆபத்து. மணலில் விளையாட விடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிற்பங்களைக் காலையிலேயே பார்த்துவிட்டு, வெயிலுக்கு முன் அறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் பயண வாந்தி அதிகம். புறப்படுமுன் இரண்டு இட்லி போதும். பாலும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். வண்டியில் செல்போனைக் கையில் கொடுக்காமல், வெளியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து தேவையென்றால் உங்கள் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள்.

ரயிலில் போவோர் கவனத்துக்கு: ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் இல்லை. ஐந்து முதல் பதினொன்று வரை தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்னால்தான் தொடங்குகிறது.

குத்தூசி போட்டுப் பாருங்கள்

மூட்டையின் மேல் உள்ள முத்திரையைப் பார்த்து நாம் பருப்பு வாங்குவதில்லை. குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். விடுதியின் விளம்பரப் படம் வெறும் முத்திரை. போன் செய்து கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. நீச்சல் குளத்துக்கு வேலியும் பூட்டும் கதவும் உண்டா? அறையிலிருந்து எவ்வளவு தூரம்? வேலி இல்லையென்றால் மேலே எதுவும் கேட்காதீர்கள். வேறு விடுதி பாருங்கள்.

2. அறை தரைத்தளத்தில் உள்ளதா? எத்தனை படிகள்? மாடி அறை என்றால் பால்கனிக் கம்பிகளின் இடைவெளி நான்கு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

3. வெந்நீர் நாள் முழுவதும் வருமா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா? ஜன்னலுக்குக் கொசு வலை உண்டா?

4. இரவு பத்து மணிக்குப் பாலும், காலை ஏழு மணிக்கு இட்லியும் கிடைக்குமா? காரம் இல்லாமல் பருப்பு சாதம் செய்து தருவார்களா?

5. மருத்துவமனையும் மருந்துக் கடையும் எத்தனை கிலோமீட்டர்? இரவில் வண்டி கிடைக்குமா?

இதே கேள்விகளை இரண்டு நாள் விட்டு வேறொருவரிடம் மறுபடி கேளுங்கள். பதில் மாறினால் சரக்கு கலப்படம் என்று பொருள். அன்றைய தேதியில், நமக்குத் தரப்போகும் அதே அறையைச் செல்போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல விடுதிக்காரர் தயங்க மாட்டார். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகள் ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி, மாமல்லபுரத்தில் உள்ளன. அவற்றின் வாடகையையும் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எவ்வளவு நல்ல விடுதியானாலும் ஒன்றை மறக்க வேண்டாம். தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தாது. ஒரு சாண் தண்ணீரே ஆபத்துதான். காற்றடைத்த ரப்பர் வளையத்தை நம்பக் கூடாது. பிள்ளை தண்ணீரில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில், கையில் போன் இல்லாமல் இருக்க வேண்டும்.

பணக் கணக்கு

வாடகை 24 மணி நேரத்துக்கா, பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, குழந்தைக்குக் கட்டணம் எந்த வயதிலிருந்து, காலை உணவு சேர்ந்ததா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து பயணம் நின்றால் பணம் திரும்புமா என்பது முக்கியம். போலி இணையதளங்கள் பெருகிவிட்டன. விடுதியின் பெயரும் பணம் போகும் கணக்கின் பெயரும் பொருந்தாவிட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு மேற்பட்ட அறைகளுக்கு 18 சதவீதம். பில் போட்டுப் பழகிய நாம் வாங்கும் பில்லையும் படித்துப் பார்க்க வேண்டும்.

கடையை என்ன செய்வது?

நம்மைத் தடுப்பது பணமன்று, பயம்தான். நான்கு நாள் பூட்டினால் வாடிக்கையாளர் சூப்பர் மார்க்கெட்டுக்கும் பத்து நிமிட டெலிவரிக்கும் பழகிவிடுவாரோ என்ற பயம். எனக்கும் இருந்தது.

இரண்டாம் முறை ஏற்காட்டுக்குப் புறப்படுமுன், அடுத்த தெருவில் கடை வைத்திருக்கும் நண்பரிடம் பேசினேன். தொழிலில் போட்டியாளர்தான். என் மாதப் பற்று வாடிக்கையாளர்களின் பட்டியலைக் கொடுத்து, அவசரத்துக்கு என் கணக்கில் சரக்குக் கொடுக்கச் சொன்னேன். அவர் மகள் வீட்டுக்குப் போனபோது நான் அதையே அவருக்குச் செய்தேன். இருவரில் யாரும் ஒரு வாடிக்கையாளரைக்கூட இழக்கவில்லை. இத்தகைய முறை மாற்று ஏற்பாட்டை நம் சங்கமே தெருவாரியாக ஏற்படுத்திக் கொடுத்தால் என்ன என்பது என் பணிவான யோசனை.

பால், தயிர், ரொட்டி, முட்டை வரத்தை முந்தின நாளே நிறுத்திவிடுங்கள். மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டியதைத் தீர்த்துவிட்டால் பாதி போன்கள் வராது. மீதிப் பாதிக்கு இரவு ஒன்பதிலிருந்து பத்து வரை, பிள்ளைகள் தூங்கிய பின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைப் பலகையில் 'குடும்பத்துடன் வெளியூர் செல்கிறோம், திங்கள் காலை கடை உண்டு' என்று உள்ளதை எழுதுங்கள். நான் திரும்பி வந்தபோது, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

ஏற்காட்டில் பெரிதாக ஒன்றும் பார்க்கவில்லை. ஒரு காலை ஏரியில் படகு, ஒரு மாலை அண்ணா பூங்கா, மற்ற நேரமெல்லாம் காப்பித் தோட்டத்து ஓரமாக நடை. நாளுக்கு ஓரிடம் போதும். மதியத் தூக்கம் அவசியம். மூன்றாம் நாள் காலை மகன் விழித்ததும் அம்மாவைத் தேடாமல் என் தோளில் வந்து படுத்துக்கொண்டான்.

இப்போது இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். இனி அவர்கள் விடுமுறைக்கு ஏற்பத்தான் நாங்கள் புறப்பட முடியும். உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், வரும் பிப்ரவரியில் 21க்கு மேல் நான்கு நாட்களைக் கடை நாட்காட்டியில் இன்றே வட்டமிட்டு வையுங்கள்.