தோலைப் பதனிடும் கையின் தோல்: மருத்துவ ஆய்வு சொல்வதும் சட்டம் கேட்பதும்

ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தி வருகிறது. மனிதத் தோலைத் தொடக்கூடிய எந்தத் தோல் பொருளிலும், அது காலணியாயினும் கையுறையாயினும் கடிகாரப் பட்டையாயினும், ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்குமானால் அப்பொருளைச் சந்தையில் விற்கலாகாது. காலணி அணிவோருக்குத் தோல் ஒவ்வாமை வருகிறது என மருத்துவ ஆய்வுகள் காட்டியதே இவ்விதிக்குக் காரணம். அணிபவரின் பாதம் ஆய்வுக்கு உட்பட்டது, விதியும் பிறந்தது. அதே தோலைத் தொட்டியில் ஊறவைத்து, புரட்டி, பிழிந்து, உலர்த்தும் தொழிலாளியின் கை எந்த ஆய்வுக்கு உட்பட்டது, எந்த விதியைப் பெற்றது என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி திண்டுக்கல்லுக்கு அந்நியமானதன்று. நகரிலும் சுற்றுப்புறத்திலும் தோல் பதனிடும் ஆலைகள் பல தலைமுறைகளாக இயங்கி வருகின்றன. 'தோல் ஷாப்' என்று மக்கள் அழைக்கும் இவ்வாலைகளின் ஈரவேலையையும் கழிவுவேலையையும் செய்யும் கைகள் எந்தத் தெருக்களிலிருந்து வருகின்றன என்பதை விளக்க வேண்டியதில்லை. செத்த மாட்டின் தோலைத் தொட்டவரைத் தீண்டத்தகாதவர் என்ற சமூகம், அந்தத் தோல் ஏற்றுமதிப் பொருளான பின்னரும் அதைத் தொடும் வேலையை அவர்களிடமே விட்டுவைத்தது. சாணார்பட்டி போன்ற ஒன்றியங்களில் மழையையும் மாந்தோப்பையும் நம்பி வாழும் நிலமற்ற குடும்பங்களுக்கு, விவசாயக் கூலி இல்லாத மாதங்களில் எஞ்சும் வழிகள் சிலவே: கட்டட வேலை, ஆலை வேலை, துப்புரவு வேலை. இவை அனைத்தும் கையை ஈரத்திலும் வேதிப்பொருளிலும் நனைக்கும் வேலைகள்.

குரோமியம் கையில் என்ன செய்கிறது?

ஒரு காலத்தில் தமிழகத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடப்பட்டது. பின்னர் வேகம் கருதிக் குரோமியம் பரவலானது. பதனிடப் பயன்படும் குரோமிய உப்பு மூவிணைதிற வகையைச் சேர்ந்தது. ஒப்பளவில் தீங்கு குறைந்தது. ஆனால் பதனிட்ட தோலில் எஞ்சியிருக்கும் அந்த உப்பு, சில சூழல்களில் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆறிணைதிற வகையாக மாறும். இவ்வகை தோலை எளிதில் ஊடுருவும், ஒவ்வாமையைத் தூண்டும். அதிக அளவில் பட்டால் விரல் கணுக்களிலும் நகத்தடியிலும் துளையிட்டதுபோல் ஆழமான புண்களை உண்டாக்கும். குரோமியப் புண் எனப்படும் இவை பெரும்பாலும் அதிகம் வலிப்பதில்லை. வலி இல்லாததால் தொழிலாளி வேலையை நிறுத்துவதில்லை, புண் ஆழமாகிறது.

குரோமியம் மட்டுமே காரணம் அன்று. மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், பின்னர் அமிலமும் உப்பும் கையில் படுகின்றன. இவை தோலின் மேலடுக்கை அரிக்கின்றன. அரிக்கப்பட்ட தோல் வழியே குரோமியம் மேலும் எளிதாக உட்புகுகிறது. ஆகவே தொழிலாளியின் கையில் இரு நோய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கலாம்: எரிச்சலால் வரும் அழற்சி ஒன்று, ஒவ்வாமையால் வரும் அழற்சி மற்றொன்று. முன்னது, வேலையை விட்டு விலகினால் ஆறக்கூடும். பின்னது அப்படியன்று. குரோமியத்துக்கு ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் உடல் அதைப் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. புண் ஆறினாலும் ஒவ்வாமை ஆறுவதில்லை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். சட்டப் பகுதியில் அதுவே முதன்மையானது.

இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒட்டுச் சோதனை. ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறு அளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அடுத்த நாள்களிலும் தோலைப் பார்த்து முடிவு செய்வர். இந்தியாவில் பயன்படும் அடிப்படைச் சோதனைத் தொகுப்பில் பொட்டாசியம் டைகுரோமேட் இடம்பெற்றுள்ளது. இச்சோதனைக்குப் பெரிய கருவியோ அறுவை அரங்கோ தேவையில்லை. ஆனால் நோயாளி சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் வர வேண்டும். தினக்கூலிக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் சம்பளம். சோதனை இலவசமாக இருந்தும் எட்டாமல் போவது இவ்வாறுதான்.

புதிய மருந்துகளும் அவற்றின் எல்லையும்

நாள்பட்ட கை அழற்சிக்கென்றே உருவாக்கப்பட்ட டெல்கோசிட்டினிப் என்னும் களிம்பு 2024இல் ஐரோப்பாவிலும் 2025இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. இதற்கு அடிப்படையான இரு பெரிய ஆய்வுகள் 2024இல் லான்செட் இதழில் வெளியாயின. 16 வாரங்கள் பூசிய பின், கை ஏறத்தாழ முழுமையாகத் தெளிந்தவர்கள் ஓர் ஆய்வில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர். மற்றொன்றில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர். மருந்தற்ற வெறும் களிம்பைப் பூசியோரில் இது முறையே 10 விழுக்காடும் 7 விழுக்காடும். முன்னேற்றம் உண்மையானது, வரவேற்கத்தக்கது. ஆயினும், உலகின் ஆகப் புதிய மருந்தைப் பூசியவர்களிலும் ஐவரில் நால்வர், அல்லது பத்தில் எழுவர், அந்த அளவுக்குத் தெளியவில்லை. மருந்தால் மட்டும் இந்நோயை வெல்ல இயலாது என்பதையே இவ்வெண்கள் சொல்கின்றன.

தடுப்பால் வெல்ல இயலும் என்பதற்கு வேறொரு சான்று உண்டு. சிமெண்டிலும் ஆறிணைதிறக் குரோமியம் உள்ளது; கொத்தனார், சித்தாள் ஆகியோரின் கைப்புண்ணுக்கு அதுவும் ஒரு காரணம். டென்மார்க் 1980களின் தொடக்கத்திலேயே சிமெண்டில் பெரஸ் சல்பேட்டைச் சேர்த்து அதைக் குறைத்தது. அதன்பின் கட்டடத் தொழிலாளரிடையே குரோமிய ஒவ்வாமை தெளிவாகக் குறைந்ததை ஆய்வுகள் பதிவு செய்தன. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் சிமெண்டில் பத்து இலட்சத்துக்கு 2 பங்கு என்ற வரம்பு நடைமுறையில் உள்ளது. களிம்பு செய்ய முடியாததை, மூட்டையில் சேர்த்த மலிவான உப்பு செய்தது.

மருத்துவமனையில் கேட்கப்படாத கேள்வி

1700ஆம் ஆண்டு, இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி தொழில்நோய்கள் குறித்து எழுதிய நூலில், மருத்துவர் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்' என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார். 300 ஆண்டுகளுக்கு மேலாகியும், நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் சில நிமிடமே கிடைக்கும் ஏழை நோயாளியிடம் இக்கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது. கேட்கப்படாதபோது கரப்பானும் படர்தாமரையும் ஒவ்வாமையும் ஒன்றாகத் தெரியும். மருந்துக்கடையில் ஒரு கலவைக் களிம்பு கிடைக்கும். அதிலுள்ள ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும். பூஞ்சைத் தொற்றாக இருந்தால் அதை வளர்த்துவிடும். இந்தியாவில் பரவியுள்ள, வழக்கமான மருந்துக்கு அடங்காத படர்தாமரைக்கு இத்தகைய களிம்புகளின் தவறான பயன்பாடும் ஒரு காரணம் எனத் தோல் மருத்துவர்கள் எச்சரித்து வருகின்றனர்.

மற்றொரு குறை நிறம் சார்ந்தது. மருத்துவ நூல்கள் அழற்சியைச் 'சிவந்த தோல்' என்று வருணிக்கின்றன. கருத்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரிவதில்லை. அடர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ ஊதா சாயலிலோ தெரியும். 2020இல் இலண்டன் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழக மாணவர் மலோனி முக்வெண்டே, தம் ஆசிரியர்களோடு சேர்ந்து, கருந்தோலில் நோய்க்குறிகள் எவ்வாறு தோன்றும் என விளக்கும் கையேட்டை வெளியிட்டபோது உலகம் இதைக் கவனித்தது. வெயிலில் கருத்த உழைப்பாளியின் கையில் சிவப்பைத் தேடும் மருத்துவர் நோயின் கடுமையைக் குறைத்தே மதிப்பிடுவார்.

மேலும், தோல் மருத்துவம் தொட்டுப் பார்க்கும் மருத்துவம். தடிப்பையும் வெப்பத்தையும் ஈரத்தையும் விரல்தான் அறியும். நோயாளியைத் தொடாமல் தொலைவிலிருந்தே சீட்டு எழுதுவது தரக்குறைவான சிகிச்சை. அதற்குச் சாதி காரணமானால் அது குற்றமும் ஆகும். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதை மட்டுமன்றி, அனுமதித்த பின் பாகுபாடு காட்டுவதையும் தண்டிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், மருத்துவமனையிலோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ பட்டியல் சாதியினர் நுழைவதைத் தடுப்பதைத் தனிக்குற்றமாக்கியது.

நிலத்துக்குக் கிடைத்த நீதி, தோலுக்கு?

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கல். அதில் திண்டுக்கல்லும் உண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில், குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 மாசடைந்தன என்ற ஓர் ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. அதன் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் கிணறும் வயலும் கணக்கில் வரும்போது, கிணறும் வயலும் உள்ளவரே முதலில் கணக்கில் வருவர். மாசைத் தன் கையாலேயே தொட்ட நிலமற்ற தொழிலாளியின் இழப்பை அளக்கச் சென்ட் கணக்கு உதவாது.

அதற்கான சட்டம் வேறிடத்தில் உள்ளது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, குரோமியத்தால் வரும் நோய்களைத் தொழில்நோய்களாகப் பட்டியலிட்டது. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் பணியாற்றிய தொழிலாளிக்கு இந்நோய் வந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படாத வரை, அது வேலையால் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும். மெய்ப்பிக்கும் சுமை முதலாளியுடையது. இச்சட்டத்தின் இடத்தை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்டது. தொழில்நோய்ப் பட்டியல் அதன் மூன்றாம் அட்டவணையிலும் தொடர்கிறது.

பின் ஏன் இத்தகைய வழக்குகள் அரிதாக உள்ளன? முதல் தடை, நோய் பதிவாவதே இல்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, குரோமியப் புண் உள்ளிட்ட நோய்களைக் காணும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்றது. புதிய தொகுப்பிலும் இக்கடமை உண்டு. தொழிலைக் கேட்காத மருத்துவர் எதை அறிவிப்பார்?

இரண்டாம் தடை, ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருப்பதால் ஆறு மாதத் தொடர்பணியைக் காட்ட ஆவணம் இருப்பதில்லை.

மூன்றாவது தடை நுட்பமானது. 'வேலையை விட்டதும் புண் ஆறிவிட்டதே, ஊனம் எங்கே' என்று முதலாளி தரப்பு கேட்கும். நிரந்தரப் பகுதி ஊனம் என்றால், அந்த வேலையில் மட்டுமன்றி, தொழிலாளியால் செய்ய இயன்ற எல்லா வேலைகளிலும் ஈட்டும் திறன் குறைந்திருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் வரையறை. இங்கேதான் மருத்துவ அறிவு வழக்கறிஞருக்குக் கைகொடுக்க வேண்டும். ஆறியது புண், ஒவ்வாமை அன்று. தோல் ஷாப்பை விட்டுச் சித்தாளாகப் போனால் சிமெண்டில் அதே குரோமியம் காத்திருக்கிறது. பாத்திரம் கழுவப் போனாலும் துப்புரவுக்குப் போனாலும் ஈரமும் காரமும் கையை மீண்டும் பிளக்கின்றன. கல்வியும் நிலமும் மறுக்கப்பட்ட ஒருவருக்கு 'செய்ய இயன்ற வேலைகள்' எவை என்பதைச் சாதியே முன்கூட்டி வரையறுத்துவிட்டது. அவ்வேலைகள் அனைத்தும் கையைக் கேட்பவை. எனவே ஒட்டுச் சோதனையில் உறுதியான குரோமிய ஒவ்வாமை, இத்தொழிலாளர்க்கு நிரந்தர ஊனமே என்று நாம் வாதிட முடியும், வாதிட வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

ஆலையிலோ கட்டடத்திலோ வேலை செய்து கையில் நீங்காத புண்ணோ வெடிப்போ உள்ளவர்கள், மருத்துவமனைச் சீட்டில் தம் தொழிலையும் எத்தனை ஆண்டாகச் செய்கிறார்கள் என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும். விடுமுறையில் குறைந்து வேலைக்குத் திரும்பியதும் கூடுகிறதா என்பதையும் சொல்ல வேண்டும். நோயறிதலில் அது முக்கியச் சான்று. கையின் நிலையைத் தேதியோடு கைப்பேசியில் படமெடுத்து வைக்க வேண்டும். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, வங்கிப் பதிவு, வருகைக் குறிப்பு எதுவாயினும் பத்திரப்படுத்த வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியே வேலை செய்தாலும் முதன்மை முதலாளியின் பொறுப்பு நீங்குவதில்லை. இழப்பீட்டுக் கோரிக்கைக்கு இரண்டாண்டுக் காலவரம்பு உண்டு என்பதால் தாமதம் கூடாது.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. தோல் ஆலைகள் உள்ள மாவட்டத்தின் கல்லூரி மருத்துவமனையில் ஒட்டுச் சோதனை தடையின்றிக் கிடைக்க வேண்டும். அதற்காக வரும் நாள்களுக்குக் கூலி இழப்பு ஈடுசெய்யப்பட வேண்டும். கிராமச் சுகாதார நிலையங்களின் சீட்டில் தொழில் என்ற கட்டம் நிரப்பப்பட வேண்டும். 1995இல் கல்நார்த் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறிய உச்ச நீதிமன்றம், அவர்களின் உடல்நலப் பதிவுகளைக் குறைந்தது 40 ஆண்டு பேண ஆணையிட்டது. அத்தகைய பதிவு தோல் ஆலைத் தொழிலாளர்க்கும் வேண்டும்.

ஐரோப்பியக் கடையில் விற்கும் காலணிக்கு மில்லிகிராம் கணக்கில் வரம்பு வைக்க முடிந்திருக்கிறது. அக்காலணிக்குத் தோல் தந்த கைகளை எண்ணிப் பதிவு செய்யவாவது திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் தொடங்க வேண்டும். பதிவேட்டில் ஏறாத நோய்க்கு இழப்பீடு இல்லை.