மனக்காயத்துக்கும் மருந்துண்டு

சில ஆண்டுகளுக்கு முன், செனாயில் வசிக்கும் என் அக்காள் மகன், விடியற்காலையில் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்கையில், உடன் வந்த நண்பனைக் கண்ணெதிரே லாரி விபத்தில் பறிகொடுத்தான். இவன் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் ஆறு மாதமாகியும் லாரிச் சத்தம் கேட்டால் நடுங்குவான். இரவில் அலறி எழுவான். வேலையையும் விட்டுவிட்டான். "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்றனர் உறவினர். கோயிலில் கயிறு கட்டினோம். மனம் சற்று ஆறியது, நடுக்கம் போகவில்லை.

கிளினிக் மருத்துவர்தான் இது மனக்காயம் என்று கூறி, உளவியல் நிபுணரிடம் அனுப்பினார். தம்போய்க்கு அனுப்பிவிடுவார்களோ, ஊர் என்ன பேசுமோ என்று அக்காள் அழுதார். அங்கு நான் அறிந்துகொண்டதை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

சாதாரண நினைவுகள் நாளடைவில் மங்கும். பேரதிர்ச்சி தந்த நினைவோ சிலருக்கு இப்போதுதான் நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வரும். இதற்குள்ள சிகிச்சைகளுள் ஒன்று ‘இ.எம்.டி.ஆர்.’ எனும் கண்ணசைவுச் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷப்பிரோ 1987இல் உருவாக்கத் தொடங்கி, 1989இல் தம் முதல் ஆய்வை வெளியிட்டார்.

இதில் 8 கட்டங்கள் உண்டு. முதலில் நோயாளியின் வரலாற்றைக் கேட்டு, மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சி தருவார்கள். பிறகு, அந்தக் கொடிய காட்சியை மனத்தில் நிறுத்தியபடி, நிபுணர் இடமும் வலமும் அசைக்கும் விரலைக் கண்களால் தொடரவேண்டும். சிறிது நேரத்தில் நிறுத்தி, "இப்போது என்ன தோன்றுகிறது?" என்று கேட்பார். வேதனையை 0 முதல் 10 வரை அளந்து, அது தணியும்வரை தொடர்வார்கள். இது மந்திரமன்று, மயக்க வித்தையுமன்று.

கவனம் இரண்டாகப் பிரிவதால் நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு விளக்கம். கண்ணசைவு அவசியந்தானா என்று ஆய்வாளர் இன்னும் விவாதிக்கின்றனர். ஆயினும் உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் மனநல ஆலோசகர்களுக்கும் இதில் பயிற்சி அளிக்கப்பட்டது.

பயிற்சி பெற்றவரிடமே இதைச் செய்துகொள்ளவேண்டும். வீட்டில் முயன்றால் பழைய வேதனை பொங்கி எழலாம்.

என் மருமகன் இன்றும் நண்பனை நினைத்துக் கண் கலங்குகிறான், ஆனால் நடுங்குவதில்லை. மீண்டும் வேலைக்குச் செல்கிறான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி நேர்ந்தால் திருநீறு பூசுங்கள். தாமதிக்காமல் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.