பெண் கையில் ஸ்பேனர்

சூளூர்பேட்டை என்று சொன்னால், வெளியூரில் இருக்கும் நம்மவர்கள், "ஸ்ரீஹரிகோட்டா போகிற வழியா?" என்றுதான் கேட்பார்கள். உண்மைதான். சென்னைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். முன்பு நெல்லூர் மாவட்டம். 2022-இலிருந்து திருப்பதி மாவட்டம். பேச்சில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே குடியிருக்கும் எனக்கு, இந்த ஊரின் இன்னொரு முகமும் நன்கு தெரியும். கல்கத்தா நெடுஞ்சாலை ஓடும் ஊர் இது. நெடுஞ்சாலை என்றால் லாரி. லாரி என்றால் பட்டறை. பஞ்சர் கடை, வெல்டிங் ஷெட், டிங்கர் வேலை, பைக் மெக்கானிக் என்று வரிசையாக இருக்கின்றன.

இத்தனை ஆண்டுகளில் அந்தப் பட்டறைகளில் ஸ்பேனர் பிடித்த ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. இங்கிருந்து கூப்பிடு தூரம் போல இருக்கும் ஏவுதளத்தில், ராக்கெட் கிளம்பும் முன் எண்ணிக்கை சொல்லிப் புகழ்பெற்ற குரலோ ஒரு தமிழ்ப் பெண்ணுடையது! 2023-இல் மறைந்த விஞ்ஞானி வளர்மதிதான் அவர். ராக்கெட் அருகில் போகும் பெண், லாரி அருகில் போக முடியவில்லை. ஏன்?

இந்தக் கேள்வி எங்கள் தெருவிலேயே எழுந்தது. ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா லாரி ஓட்டுகிறார். பத்தாவது தேறிய மகள், ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்க வேண்டும் என்கிறாள். வீட்டு மொபெட் நின்றுபோனால், பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுபவள் அவள்தான். ஆனால் அப்பா தயங்குகிறார். "அக்கா, பட்டறையில என்ன பேச்சு பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். அங்கே என் பொண்ணை எப்படி அனுப்புறது?" என்கிறார். அம்மாவுக்கு வேறு கவலை. "கையெல்லாம் கிரீஸா இருந்தா யாரு கட்டிக்குவாங்க?" பாட்டி சொல்வது, "பொம்பளைக்கு அவ்வளவு பலம் ஏது?"

மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். பாட்டியிடமிருந்து தொடங்குவோம்.

லாரி சக்கரத்தின் நட்டை ஆண்பிள்ளையும் வெறும் கை பலத்தால் கழற்றுவதில்லை. ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி அழுத்துகிறான். பிடி நீள நீள, தேவைப்படும் பலம் குறையும். வண்டியைத் தூக்குவது ஜாக்கி. தில்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில், சாந்தி தேவி என்ற அம்மையார் 20 ஆண்டுகளுக்கு மேல் லாரி டயர் வேலை பார்த்தார். தெலங்கானாவில் கொத்தகூடம் பக்கம் சுஜாதாநகரில், ஆதிலட்சுமி என்ற பெண் கனரக வண்டிகளின் டயரைக் கழற்றி மாட்டுவதைப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. ஆகவே பலம் ஒரு தடையே அல்ல.

அப்படியானால் தடை எது? இவர்கள் தொழில் கற்ற விதத்தைப் பாருங்கள், விளங்கும். சாந்தி தேவி கணவரோடு டீக்கடை வைத்து, பிறகு டயர் வேலைக்கு வந்தவர். ஆதிலட்சுமி கணவரின் கடையில் கற்றவர். ஆண்பிள்ளைகளோ சிறு வயதிலேயே எடுபிடியாகப் பட்டறைக்குள் நுழைந்து, "பன்னிரண்டாம் நம்பர் எடுடா" என்று கேட்டுக் கேட்டே தொழில் கற்றுவிடுகிறார்கள். பெண்பிள்ளைக்கு அந்த வாசல் கிடையாது. வீட்டிலேயே தொழில் தெரிந்த ஒருவர் இருந்தால்தான் அவளுக்கு வழி.

படித்தவர்கள் கதையும் இதுவே. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான ஏ. லலிதா, சென்னையில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பத்துப் பெண். பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் விதவையானவர். 1940-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, மின் பொறியியல் முடித்தார். அந்தக் கல்லூரியில் அவருடைய தந்தை பேராசிரியராக இருந்ததால் அந்தக் கதவு திறந்தது. தெலுங்குப் பெண்ணுக்குத் தமிழ் மண் அன்று கதவு திறந்தது. தெலுங்கு மண்ணில் வாழும் நம் பெண்களுக்கு அப்படி ஒரு கதவை யார் திறப்பது?

சட்டம்கூட நெடுங்காலம் குறுக்கே நின்றது. ஓடும் எந்திரத்தைத் துடைக்கவோ, எண்ணெய் விடவோ பெண்களையும் சிறுவர்களையும் விடக்கூடாது என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, எல்லா வகை வேலைக்கும் பெண்களை அமர்த்தலாம் என்கிறது. சட்டம் வழிவிட்டுவிட்டது. இனி வீடுதான் வழிவிட வேண்டும்.

அப்பாவின் பயம் நியாயமானது. அதற்காகத்தான் எடுபிடி வழியை விட்டு ஐ.டி.ஐ. வழியைச் சொல்கிறேன். பத்தாவது தேறினால் போதும். மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு. பிறகு அரசுப் பேருந்துப் பணிமனை போன்ற இடங்களில் உதவித்தொகையுடன் அப்ரன்டிஸ் பயிற்சி பெறலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களின் புகாரைக் கேட்க ஒரு குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சிறிய தெருவோர ஷெட்டில் இப்படி ஒரு குழு இருக்காது. முறையான பணிமனையில் கேட்டுப் பெறலாம். தொழிலும் மாறிக்கொண்டிருக்கிறது. 2020-இலிருந்து விற்கும் புதிய பைக்குகளில் கோளாறை ஸ்கேனர் வைத்தே பார்க்கிறார்கள். மின்சார ஸ்கூட்டரில் கார்புரேட்டரே கிடையாது. புதிதாகப் படித்து வருபவர்களுக்கு இது நல்ல காலம்.

அம்மாவின் கவலைக்கு ஒரு சேதி. 1945-இல் இங்கிலாந்து இளவரசி எலிசபெத், ராணுவத்தின் பெண்கள் பிரிவில் சேர்ந்து, லாரி ஓட்டவும் எஞ்சின் பழுது பார்க்கவும் கற்றார். இரண்டே ஆண்டில் அவருக்குத் திருமணம் ஆயிற்று. 1952-இல் அரசியும் ஆனார்! கிரீஸ் சோப்புக்குப் போய்விடும், தாயே. கையில் தொழில் இல்லாத குறை எந்தச் சோப்புக்கும் போகாது.

அந்தப் பெண்ணின் விண்ணப்பம் இன்னும் பூர்த்தி செய்யப்படாமல் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள் நாம். தெரியாத ஊரில் சோறு போடுவது கைத்தொழில்தான் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் சங்கத்தில் பட்டறை வைத்திருக்கும் அன்பர்களும், பணிமனையில் வேலை பார்க்கும் அன்பர்களும் இருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஷெட்டுக்கு இத்தகைய பெண்களைப் பெற்றோருடன் அழைத்துக் காட்டுங்கள். வீட்டில் தொழில் தெரிந்தவர் இல்லாத பெண்ணுக்கு, நாம்தானே வீடு?