டீக்கடையில் தெரியும் செய்தி

பள்ளியில் ஏதோ நடந்துவிட்டது என்ற செய்தி பெற்றோருக்கு முதலில் யார் மூலம் வருகிறது? தலைமையாசிரியர் மூலமா, டீக்கடை மூலமா? ஒரு பள்ளியின்மீது ஊர் வைத்திருக்கும் நம்பிக்கையை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே அறிந்துவிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. பிள்ளைகள் யாருக்கும் காயமில்லை. ஆனால் நிர்வாகம் வாய் திறக்கவில்லை. வகுப்பை மட்டும் வேறு அறைக்கு மாற்றியது. மாலைக்குள் இரண்டு பிள்ளைகள் மருத்துவமனையில் கிடப்பதாக ஊரெல்லாம் பேச்சு. அந்த ஆண்டு மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த பெற்றோர் காரையைப் பற்றிப் பேசவே இல்லை. 'எங்களிடம் ஏன் மறைத்தீர்கள்?' என்றுதான் கேட்டார்கள்.

அவர்களுடைய பயத்தைக் குறைசொல்ல முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதற்குப் பிறகு, 'எல்லாம் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது' என்ற வாய்ச்சொல் தமிழ்நாட்டுப் பெற்றோருக்குப் போதாது. கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறையின் சான்றும் எந்த நாள்வரை செல்லும் என்பதை அவர்கள் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும். அலமாரியில் பூட்டிய சான்றிதழால் யாருக்கும் நிம்மதி வராது.

குறையை வெளியே சொன்னால் பெயர் கெட்டுவிடும் என்று நம் நிர்வாகிகள் பலர் அஞ்சுகின்றனர். வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. முதல் மாநாடு 1958-இல் கடம்பத்தூரில் கூடியது. தங்கள் பள்ளிக்கு என்னென்ன இல்லை என்று பட்டியல் எடுத்து ஊர்மக்கள் முன் வைத்தார்கள். மக்கள் பணமாகவும் பொருளாகவும் உழைப்பாகவும் கொடுத்தார்கள். பள்ளி முதலில் தன் இல்லாமையைச் சொன்னது. ஊர் அதைத் தன் வீட்டுக் குறையாக எடுத்துக்கொண்டது. அழகப்பரின் கொடையால் படித்த காரைக்குடிப் பகுதிக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். இச்சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பெற்றோரே முதன்மையான கல்வியாளர்கள் என்று 1965-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை சொல்லிவிட்டது. சட்டம் நமக்கு விலக்கு தரலாம். சங்க ஏடு தரவில்லை.

கூட்டம் கூட்டுவதிலும் கவனம் வேண்டும். வேலைநாள் பிற்பகலில் அழைத்தால், அமராவதிபுதூரிலிருந்து காரைக்குடிக்குக் கூலிவேலைக்குப் போகும் தாய் அரைநாள் சம்பளத்தை விட்டுத்தான் வரவேண்டும். வராதவருக்கு அக்கறை இல்லை என்று எழுதிவிடுகிறோம். சுற்றறிக்கையோ ஆங்கிலத்தில் போகிறது. தகப்பன் வெளிநாட்டில் இருக்க, பிள்ளையை வளர்க்கும் பாட்டி அதை யாரிடம் கொண்டுபோய் வாசிக்கக் கேட்பார்? தலைமையாசிரியர் மட்டுமே எழுதக்கூடிய வாட்ஸ்அப் குழுவும் ஒலிபெருக்கிதான். உரையாடல் என்று சொல்வதற்கில்லை.

கேட்ட பிறகு பதில் சொல்லவும் வேண்டும். கழிவறைத் தாழ்ப்பாள் உடைந்திருப்பதால் தன் மகள் தண்ணீரே குடிக்காமல் பள்ளிக்கு வருகிறாள் என்று ஓர் அம்மா திங்கட்கிழமை சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரத்துக்குள், 'மாற்றியாயிற்று' என்றோ, 'ஆள் கிடைக்கவில்லை, திங்கட்கிழமை வருகிறார்' என்றோ அவரிடமே சொல்லவேண்டும். இரண்டாவது பதிலைக்கூட அவர் ஏற்றுக்கொள்வார். ஒன்றுமே சொல்லாவிட்டால், அடுத்த குறையை அவர் நம்மிடம் கொண்டுவரமாட்டார். பேருந்து நிறுத்தத்தில் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.