படகும் அலைபெருக்கியும்

குப்பம் என்னும் பெயர் கேட்டு, எம்மூராகிய அம்மையார்குப்பத்தைக் கடற்கரையூர் என மயங்குவோர் பலர். திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையினருகே, தறியொலி மிக்க நெசவாளர் ஊர் அது. ஆயினும் கடலிற் செல்வோர் செய்தியை யான் எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. எம் விடுதியில் உடனுறையும் நண்பர் ஒருவர் குமரி மாவட்டத்து மீனவர் குடியினர். அவர்தம் தந்தையார், விசைப்படகிற் பொருத்துதற்குச் 'சிக்னல் பூஸ்டர்' என்னும் கருவி ஒன்றை வாங்கக் கருதி, "மக்களே, இது ஆழ்கடலில் உதவுமா?" என்று மகனை வினவினார். அவ்வினாவிற்கு யாங்கள் இருவரும் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரையாம்.

முதற்கண் அக்கருவியின் இயல்பை ஆராய்வோம். அலைபெருக்கி என யாம் இங்குக் கூறும் அது மூன்று உறுப்புக்களை உடையது. வெளியே உயரத்தில் நிற்கும் ஆன்டெனா, கோபுரத்தினின்று வரும் மெல்லிய அலையை ஏற்கும். இடையிலுள்ள பெட்டி அதனைப் பெருக்கும். உள்ளேயுள்ள சிறிய ஆன்டெனா அதனைக் கைப்பேசிக்கு வழங்கும். கைப்பேசியின் மறுமொழியும் இவ்வழியே மீளும். பெருக்கத்தை டெசிபெல் என்னும் அளவையாற் கூறுவர். 10 டெசிபெல் 10 மடங்கும், 20 டெசிபெல் 100 மடங்கும், 50 டெசிபெல் 1,00,000 மடங்குமாம்.

அமெரிக்க நாட்டில், இல்லம்போல் அமைந்த ஊர்திகளிலும் படகுகளிலும் இக்கருவி வழங்கி வருகின்றது. 2013-ஆம் ஆண்டில் அந்நாட்டில் வகுத்த விதி, இயங்கும் ஊர்திக்குரிய கருவியின் பெருக்கம் 50 டெசிபெல்லிற்கு மேற்படலாகாது என்றது. என்னை? படகு சிறிது, ஆன்டெனா இரண்டும் அணித்தே நிற்பன. உள்ளிருந்து வெளிப்படும் அலை மீண்டும் வெளி ஆன்டெனாவிற் புகுமாயின், ஒலிபெருக்கியின் முன் மைக்கை வைத்தாற்போலக் கருவி ஓலமிடும். கோபுரத்தை நாடும் பிறர் பேச்சையும் அது கெடுக்கும். நம் நாட்டிலோ, 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும், பின்வந்த 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும், அரசாங்க அனுமதியின்றி இத்தகைய கருவியை வைத்திருத்தலை ஒப்புவதில்லை.

நிற்க. பெருக்குதற்கு முதல் வேண்டுமன்றோ? சூனியத்தை இலக்கத்தாற் பெருக்கினும் சூனியமே. எம்மூர்ப் பக்கத்தில் குன்றின் மறைவிற் கைப்பேசி வாய்மூடிக் கிடக்கும், மாடியேறின் பேசும். கடலிற் குன்றில்லையே எனலாம். பூமியின் வளைவே ஆண்டுக் குன்றாகின்றது. மீட்டரிற் கண்ட உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆற் பெருக்கினால், அலை செல்லும் எல்லை ஏறத்தாழக் கிலோமீட்டரிற் கிடைக்கும். கரைக்கோபுரம் 49 மீட்டராயின் 29 கிலோமீட்டர். படகின் ஆன்டெனா 4 மீட்டராயின் 8 கிலோமீட்டர். ஆக 37 கிலோமீட்டர். அஃதாவது 20 கடல் மைல். ஆன்டெனாவை 9 மீட்டருக்கு உயர்த்தினும் கூடுவது 2 கடல் மைலே. குமரிக்கரை ஆழ்கடல் மீனவரோ பன்னூறு கடல் மைல் கடந்து, பல நாள் தங்கி மீன்பிடிப்பவர்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் குமரிமுனைக் கடலில் ஒக்கிப் புயல் வீசியபோது, எச்சரிக்கைக்கு முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தோர்க்குச் செய்தி எட்டவில்லை. மீளாதார் பலர். அவர் படகுகளில் அலைபெருக்கி இருந்திருப்பினும், பெருக்குதற்கு அங்கே அலை இல்லை.

ஆயின் வழி யாது? கோபுரம் கரையில் நிற்றலின் எட்டாதாயிற்று. அதனை வானில் நிறுவுதலே வழி. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெளிவந்த ஜெமினி என்னும் கருவி, விண்கோள் வாயிலாகப் புயலெச்சரிக்கையைப் படகிற்கு உணர்த்தியது. படகினின்று மறுமொழி கூற அதனால் இயலாது. அக்குறையை நீக்க வந்ததே இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர். இருவழியும் செய்தி செல்லும். இடருற்றோர் கரைக்கு அறிவிக்கலாம். 1 லட்சம் படகுகளில் அதனைப் பொருத்தும் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் பால்கரில் தொடங்கப்பெற்றது.

இவற்றையெல்லாம் நண்பர் தம் தந்தையார்க்குத் தொலைபேசியில் விளக்கினார். "அப்பா, பூஸ்டர் கரையோரத்துத் துணை, அதற்கும் அனுமதி வேண்டும். ஆழ்கடலுக்கு விண்கோளே துணை" என்றார். தந்தையார் பூஸ்டர் வாங்கும் எண்ணத்தை விடுத்தனர். கருவியின் ஆற்றலை அறிதல் நன்று. அதன் எல்லையை அறிதல், கடலிற் செல்வோர்க்கு உயிர்காப்பாம்.