22-ம் தேதி வந்தாலே வயிற்றைக் கலக்குது!

ஒவ்வொரு மாசமும் 1-ம் தேதி எங்கள் வீட்டில் ஒரு மகாராணி இருப்பாள். 22-ம் தேதி வாக்கில் அதே வீட்டில் ஒரு பிச்சைக்காரி இருப்பாள். ரெண்டு பேரும் நான்தான்!

புளியந்தோப்பு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பி ரெண்டு சந்து தாண்டினால் எங்கள் வீடு. நான், வீட்டுக்காரர், வேலைக்குப் போகும் பையன், நர்ஸிங் படிக்கும் பொண்ணு என்று நாலு பேர். மளிகைக்கு மாசம் 5,500 ரூபாய். பால், காய், மீன் எல்லாம் தனிக் கணக்கு. 5,500-க்கு மேலே பத்து பைசா போகக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டது நான். மீறுகிறவர்கள் யார் என்று அப்புறம் சொல்கிறேன்.

எனக்கு இந்தப் பட்ஜெட் வித்தையைக் கற்றுக் கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, மாமியார். கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும் அத்தைக்கு. ஆனால், கணக்கில் புலி! கிலோ, கிராம் எல்லாம் அவர் வாயில் வராது. எல்லாமே படி, ஆழாக்குதான். எட்டு ஆழாக்கு ஒரு படி. 1967-ல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள் இல்லையா, அதை வாங்க க்யூவில் நின்ற கதையை நான் மருமகளாக வந்த நாளிலிருந்து நூறு தடவையாவது கேட்டிருப்பேன். "மூணு படி தர்றேன்னார், ஒரு படி குடுத்தார். அந்த ஒண்ணாவது வந்திச்சே கண்ணு" என்பார்.

அந்தக் காலத்தில் இந்த ஏரியாவுக்கே கடிகாரம் பின்னி மில் சங்குதான். பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக் மில் என்பது முழுப் பெயர். 1921-ல் மாசக்கணக்கில் நடந்த ஸ்டிரைக்கும், அப்போது புளியந்தோப்பில் நடந்த கலவரமும் சரித்திரப் புஸ்தகத்திலேயே உண்டு. சங்கு ஊதினால் உலை வைப்பார்கள், சங்கு ஊதினால் இறக்குவார்கள். மில் சம்பளம் போடுகிற அன்றைக்கு, மில்லுக்குச் சம்பந்தமே இல்லாத கடையில்கூட வியாபாரம் தூள் பறக்கும்.

1996-ல் அந்த மில்லை மூடினார்கள். (பின்னால் அந்த இடத்தில் சினிமா ஷூட்டிங் எல்லாம் நடந்தது. கதாநாயகன் வில்லனைப் புரட்டி எடுத்த இடத்தில் எங்கள் தெருக்காரர்கள் தறி ஓட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்?)

என் வீட்டுக்காரர் மில்லில் இல்லை. ஒரு லேத் பட்டறையில் வேலை. 1997-ல் அதுவும் இழுத்து மூடியாச்சு. கையில் ஆறு மாசக் குழந்தை.

இங்கேதான் அண்ணாச்சி கடை நோட்டு வருகிறது.

எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் காசு கொடுத்து மளிகை வாங்கியதில்லை. நோட்டுதான். நீட்டமாக, ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்து இருக்கும். வாங்கியதையெல்லாம் அண்ணாச்சி எழுதுவார், சம்பளத்தன்று தீர்ப்போம். சம்பளம் நின்றதும் தீர்ப்பது நின்றது. எழுதுவது நிற்கவில்லை! நாலே மாசத்தில் பாக்கி 2,340 ரூபாய். வீட்டுக்காரர் பட்டறையில் வாங்கின கடைசி சம்பளமே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

அண்ணாச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கொடுமை. முன்னெல்லாம் "வாங்கக்கா, என்ன வேணும்?" என்பவர், இப்போது தராசைப் பார்த்துக்கொண்டே "ம்?" என்பார். ஒருநாள் நான் போனபோது எங்கள் நோட்டை எடுக்காமல், கல்லா மேலேயே குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார். நான் கால் கிலோ துவரம் பருப்பு கேட்கப் போனவள், "சும்மா இப்படி வந்தேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். மளிகைக் கடைக்கு யாராவது சும்மா போவார்களா?

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனார்.

"அண்ணாச்சி, இனிமே எங்களுக்கு எழுதாதே. கேட்டாலும் எழுதாதே. காசு குடுத்தா பொட்டலம் குடு. பழசுக்கு மாசம் நூறு ரூபா வந்துரும். இன்னா சொல்றே?"

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து, "சரிங்க பெரியம்மா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

1997 தீபாவளி முடிந்து ஆரம்பித்தோம். வீட்டுக்காரர் கிடைத்த வேலைக்கெல்லாம் போனார். மூர் மார்க்கெட் பக்கம் மூட்டை ஏற்றினார், கல்யாண மண்டபத்தில் பந்தல் கட்டினார். வருவதை அத்தை வாங்கி, மூணு டப்பாவில் போடுவார். மாசத்தை மூணு பத்து நாளாக வெட்டிவிட்டார்! முதல் டப்பா பத்தாம் தேதி வரைக்கும். தீர்ந்து போச்சா? பதினொண்ணு வரைக்கும் ரசம். அடுத்த டப்பாவை அவர் இருக்கிற வரைக்கும் யாரும் தொட முடியாது.

ஆடுதொட்டி பக்கத்திலேயே இருக்கிறது, கறி வாசனை வீடு வரைக்கும் வரும். நாங்கள் வாங்கியது மாசத்துக்கு ஒரு தரம் போட்டி, அதுவும் கடை மூடுகிற நேரத்தில். மற்ற நாளெல்லாம் நெத்திலிக் கருவாடு. 1998-ல் வெங்காய விலை ஏறி, அந்தக் கோபத்தில் டெல்லியில் ஆட்சியே பறிபோச்சு என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஆட்சி அசையவில்லை. அத்தை ஒரு வெங்காயத்தை நாலாக வெட்டி, குழம்புக்குக் கால் வெங்காயம் என்று நாலு நாள் ஓட்டினார். வீட்டுக்காரர் குழம்பைக் கரண்டியால் துழாவி, "இன்னாமே, வெங்காயம் ஸ்டிரைக்கா?" என்பார்.

1999 தீபாவளிக்கு முன்னால் பழைய பாக்கி தீர்ந்தது. 23 மாசம் நூறு நூறாக, கடைசி மாசம் நாற்பது. அண்ணாச்சி அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஒரு பொட்டலம் பொட்டுக்கடலையைக் குழந்தை கையில் கொடுத்தார். "இதை எழுதல" என்றார்.

இதில் நான் வெளியே யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு.

எங்கள் வீட்டில் ராத்திரிக்கும் மறுநாள் பழையதுக்கும் சேர்த்து நாலு ஆழாக்கு அரிசி போடுவது வழக்கம். நோட்டு நிறுத்தினதிலிருந்து அத்தைதான் அரிசி அளந்தார். என்னை அளக்க விடவில்லை. "நீ பால் குடுக்கறவ, போய் குந்து" என்பார். ஒருநாள் அவருக்கு ஜுரம். நான் நாலு ஆழாக்கு போட்டேன், சட்டி தளும்பிச் சோறு வந்துவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன், அத்தனை நாளும் அவர் போட்டது மூணு ஆழாக்கு. வீட்டுக்காரர் தட்டும் குறையவில்லை, என் தட்டும் குறையவில்லை. அப்படியானால் யார் தட்டு?

ராத்திரி நாங்கள் சாப்பிட்டதும் அவர் கஞ்சித் தண்ணியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, வெற்றிலைப் பையோடு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். "சாப்டீங்களா அத்தை?" என்றால், "வயசானா பசிக்காது கண்ணு" என்பார்.

அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயசு. இப்போது எனக்கு ஐம்பத்து மூணு. நல்லாவே பசிக்குது.

* * *

இன்றைக்கு வருவோம். அத்தை 2009-ல் போய்ச் சேர்ந்தார். டப்பா மூணும் பரணில் இருக்கிறது. முறை மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது.

முதல் வேலை, ரேஷன். கடை போர்டைப் பார்க்காமல் நான் லிஸ்ட்டே எழுத மாட்டேன். 2011-லிருந்து அரிசி இலவசம். எங்கள் கார்டுக்கு 20 கிலோ. துவரம் பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25, சர்க்கரை கிலோ 25. "ரேஷன் அரிசியா!" என்று மூக்கைச் சுளிப்பவர்கள் இட்லிக்குப் போட்டுப் பார்க்கட்டும். சோற்றுக்குத்தான் கடை அரிசி. அதுவும் 26 கிலோ மூட்டை. அதென்ன கணக்கு 26 என்கிறீர்களா? 2022 ஜூலையில், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டின அரிசிக்கு 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றார்கள். நம்ம ஆட்கள் விடுவார்களா? ஒரு கிலோ கூடப் போட்டு மூட்டை தைத்துவிட்டார்கள்!

உலகத்தில் எங்கே தும்மினாலும் என் அடுப்படிக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்பது அதே வருஷம்தான் தெரிந்தது. உக்ரைனில் சண்டை, சூரியகாந்தி எண்ணெய் ஏறிவிட்டது. சரி, பாமாயில் என்று பார்த்தால் இந்தோனேஷியா ஏப்ரல் கடைசியில் ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது, மூணு வாரத்துக்கு மேல். வீட்டுக்காரரிடம் "இந்த மாசம் வடை கிடையாது, இந்தோனேஷியா தடை" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

மிளகாய், மல்லி, பருப்பு எல்லாம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம் கொத்தவால்சாவடி. காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேடு போய்விட்டாலும், மளிகைக்கு அந்தப் பக்கம்தான் எங்களுக்கு. தெருவில் நாலு வீடு சேர்ந்து போவோம். ஆட்டோ காசையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் லாபமா நஷ்டமா தெரியும். ரெண்டு கிலோ பருப்பு வாங்க 200 ரூபாய் ஆட்டோ கொடுத்தால் அண்ணாச்சி கடையே மேல்.

மொத்தமாக வாங்குவதிலும் ஒரு ஆபத்து உண்டு. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். மாச மளிகை வாங்கி வைத்து மூணே நாள். ராத்திரி தண்ணீர் வாசற்படி ஏறி, விடிவதற்குள் கட்டில் கால் வரைக்கும் வந்துவிட்டது. முதலில் டி.வி.யைத் தூக்கினார் வீட்டுக்காரர்! நான் அரிசி மூட்டையைப் பிடித்து இழுக்கிறேன், நனைந்த மூட்டை அசைவேனா என்கிறது. பருப்பு, உளுந்து எல்லாம் சாக்கடைத் தண்ணியில். பொறுக்கி எடுக்கக்கூட மனசு வரவில்லை, அப்படி ஒரு நாற்றம். அந்த மாசம் ரேஷன் கடையில் கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணத்தில்தான் மறுபடி டப்பாக்களை நிரப்பினேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் அரிசிக்குத்தான் பரண், டி.வி.க்கு இல்லை.

இவ்வளவு செய்தும் 22-ம் தேதி ஏன் வயிற்றைக் கலக்குகிறது? பையன்தான்!

அண்ணாச்சி நோட்டில் எழுதும்போதாவது பேனா கண்ணுக்குத் தெரியும். இவன் போனைக் காட்டுகிறான், "டொய்ங்" என்கிறது, காசு போச்சு. 10 நிமிஷத்தில் வாசலில் ஆள் நிற்கிறார். ஒரு பாக்கெட் சேமியா கேட்டால், இலவச டெலிவரி வேண்டுமென்று கூடவே சிப்ஸ், சாக்லேட், இன்னும் ஏதோ பல்லுக்கு நூல்! "ஆஃபர்மா" என்கிறான். வேண்டாததை வாங்கினால் பாதி விலையும் முழு நஷ்டம்தானே?

இது என் வீட்டு வியாதி மட்டும் இல்லை. 2023-24-ல் மத்திய அரசு எடுத்த குடும்பச் செலவுக் கணக்கைப் பேப்பரில் பார்த்தேன். நகரத்தில் 100 ரூபாய் செலவு செய்தால் கிட்டத்தட்ட 40 ரூபாய் சாப்பாட்டுக்கு. அந்த நாற்பதிலும் பெரிய பங்கு எது? அரிசி இல்லை, பருப்பு இல்லை. கூல்டிரிங்க்ஸ், நொறுக்குத்தீனி, பாக்கெட் அயிட்டம்! ஏழை வீட்டில்தான் வருமானத்தில் பெரும்பங்கு சோற்றுக்குப் போகும் என்று எங்கெல் என்ற ஜெர்மன்காரர் 1857-லேயே சொல்லிவிட்டாராம். நெத்திலிக் கருவாட்டுக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அவருக்குக் கணக்குப் போடுகிற வேலையே மிச்சம்.

போன மாசம் 22-ம் தேதி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். 1,140 ரூபாய் எகிறியிருக்கிறது. மாசாமாசம் வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயையும் அதில் போட்டாச்சு, பொண்ணு பஸ்ஸுக்கும் பரீட்சை ஃபீஸுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தது. பையனைப் பிடித்துச் சண்டை போட்டேன். அவன் ஆயிரம் சமாதானம் சொன்னான். சட்டம் சட்டம்தான், மாசக் கடைசி வரைக்கும் ஒரு பைசா கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி இட்லி. எல்லோருக்கும் வைத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போட்டேன்.

"யம்மா, நீ?"

"எனக்குப் பசிக்கல. நீ சாப்பிடு."

பொண்ணு கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தாள். "நேத்தும் இதையேதான் சொன்னே. முந்தா நாளும். நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள். நர்ஸிங் படிக்கிறவள் இல்லையா, போன வாரம்தான் என் கண் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லே உனக்கு" என்று திட்டியிருந்தாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவள் என் நோட்டை இழுத்தாள். அடுத்த மாச லிஸ்ட்டில், அரிசிக்கும் மேலே, முதல் வரியாக எழுதினாள்: "அம்மா – முட்டை – 30."

"ஏய், அதுக்குப் பணம் எங்கேடி?"

பேனாவை எடுத்து, பையன் பேருக்கு எதிரே இருந்த "சிப்ஸ் வகையறா" என்பதைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள்.

உள்ளேயிருந்து பையன் குரல்: "எனக்கு எல்லாம் கேக்குது!"

"கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தன் தட்டிலிருந்து ரெண்டு இட்லியை எடுத்து என் தட்டில் வைத்தாள்.